மேலிடத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

அந்த மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. எல்லாருக்கும் அவள் 'பொறுப்பு'. "பொறுப்பு எங்கே?", "பொறுப்பைக் கேளுங்க", "பொறுப்பு இன்னிக்குக் கோபமா இருக்காங்க, கிட்டப் போகாதே." எல்லாம் அவளுடைய அறைக் கதவில் இருந்த பலகையால் வந்த வினை. 'சலவைப் பிரிவு மேற்பார்வையாளர்' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று சின்னதாகப் போட்டிருந்தார்கள். பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றபோது, முறையாக ஓர் ஆள் வரும்வரை கொஞ்ச நாள் பார்த்துக்கொள் என்று ஒப்படைத்துவிட்டுப் போன மாடிக்காரர்கள், அதாவது மேல்மாடியில் இருக்கும் நிர்வாகத்தார், அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முறையான ஆளும் வரவில்லை. வேலை முழுக்க அவள் தலையில், பதவி மட்டும் அடைப்புக்குறிக்குள்.

கேட்டால் விதியைக் காட்டுவார்கள். அந்தப் பதவிக்குப் பட்டப்படிப்பு வேண்டுமாம். எந்தப் பட்டம் என்று விதியில் இல்லை. வான சாஸ்திரத்தில் பட்டம் வாங்கியவர்கூட வந்து உட்காரலாம், ஆட்சேபம் கிடையாது. அவள் உட்காரக் கூடாது, நிற்கலாம். அவளும் நின்று நின்று பார்த்துவிட்டு, சரி, இந்தக் கருமத்தை வாங்கித் தொலைத்துவிடுவோம் என்று படிக்கக் கிளம்பினாள்.

வேலை பார்க்கிறவர்களுக்கென்று இணைய வழியில், தமிழிலேயே நிர்வாகவியல் பட்டம் நடத்தும் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் அகப்பட்டது. அவள் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குக் குறைவில்லை, ஆனால் அதில் இயேசு இல்லை. சேர்ந்த அன்றே மாமியார் கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, ஞானஸ்நானம் குடுத்துட்டுதான் டிகிரி குடுப்பாங்களா?"

"இல்லத்தை. பரீட்சையில பாஸ் பண்ணினா போதும்."

"அடப் பாவமே. அதுக்கு ஞானஸ்நானமே சுலபமாச்சே!"

மாமியார் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. வீட்டில் படிக்க முடியாது. புத்தகத்தைத் திறந்தாலே யாருக்காவது ஏதாவது தேவைப்படும். அதனால் சலவைப் பிரிவிலேயே படித்தாள். பெரிய டிரம்மில் படுக்கை விரிப்புகளைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால், அது துவைத்து அலசி நிற்பதற்குள் ஒரு பாடம் பார்த்துவிடலாம். ஈர விரிப்புகள் பிழியும் எந்திரத்துக்குள் போகும்போது வினாக்களுக்கு விடை எழுதுவாள். கணக்கியல் முழுவதும் வார்டு விரிப்புகளோடு போயிற்று. பணியாளர் மேலாண்மை, அறுவை அரங்கின் பச்சைத் துணிகளோடு.

சனிக்கிழமை மட்டும் நேரடி வகுப்பு. அது ஜெபத்தோடுதான் ஆரம்பிக்கும். துறைத்தலைவரே ஒரு போதகர்; நிதானமாக, மனமுருகி, நீளமாக ஜெபிப்பார். எல்லாரும் கண்ணை மூடுவார்கள், அவளும் மூடுவாள். வாரம் முழுவதும் ஓடிய உடம்புக்கு அதைவிட நல்ல தூக்கம் வேறெங்கும் கிடைத்ததில்லை. 'ஆமென்' என்று நாற்பது பேர் சேர்ந்து சொல்லும்போது திடுக்கிட்டு விழிப்பாள். அவளைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு அர்த்தம், ஜெபம் முடிந்தது, எழுந்திரு என்பதுதான்.

இப்படியாக எல்லாத் தாள்களையும் தாண்டி, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. 'பணியும் அறமும்.' துறைத்தலைவர் நடத்தும் பாடம். பரீட்சை கிடையாது. தான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிப் பல்கலைக்கழகப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைக்குள் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து மாடிக்காரர்களுக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. சலவைப் பிரிவுக்கு முறையான மேற்பார்வையாளரை இந்த மாதக் கடைசிக்குள் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டு, "மாசக் கடைசிக்குள்ள தேர்ச்சிச் சான்றைக் கொண்டு வந்தா நீங்கதான். இல்லேன்னா வெளியில இருந்து ஆள் எடுக்கறோம். நீங்க பழையபடி மடிப்பு மேசைக்குப் போயிடலாம்" என்றார். போயிடலாம் என்றதை ஏதோ சலுகை மாதிரிச் சொன்னார். அவள் சிரித்தபடியே வெளியே வந்து, துணிக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நேற்று வரைக்கும் தான் வேலை ஏவியவர்களோடு சேர்ந்து, எவனோ ஒருவன் ஏவ, தலையணை உறை மடிப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கட்டுரையைப் பாதி எழுதியிருந்தாள். மீதியை அந்த வாரம் முடித்துவிடலாம் என்று இருந்தவளுக்குத் திங்கட்கிழமை காலை இடி விழுந்தது. பெரிய டிரம்மின் பேரிங் போய்விட்டது.

டிரம்மை ஓட்டுகிறவர் ஓர் ஒல்லியான மனிதர். டிரம் ஓட்டுவதால் அவருக்கு 'டிரம்மர்' என்று பெயர் விழுந்திருந்தது. அவர் எந்திரத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"முடிஞ்சுதுங்க. புதுசு வர ஒரு வாரமாவது ஆகும்."

"சின்ன டிரம்மு ரெண்டும் தாங்குமா?"

"விடாம ஓட்டினா தாங்கும். நாமதான் தாங்க மாட்டோம்."

படுக்கை விரிப்பு இல்லாமல் ஒரு மருத்துவமனை ஒரு நாள்கூட ஓடாது. நோயாளியை எங்கே படுக்க வைப்பது? அன்றிலிருந்து விடிந்ததும் வந்தவள் வீட்டுக்குப் போவது பேருக்குத்தான் என்றாயிற்று. சின்ன டிரம்கள் நிற்காமல் ஓடின. அவற்றில் போடுவதும் எடுப்பதும் ஓயாத வேலை. பாடத்துக்கென்று இருந்த அந்த இடைவெளியும் போயிற்று. கட்டுரை நின்ற இடத்திலேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை, சாப்பிடும் நேரத்தில் சாப்பிடாமல் பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்தாள். அவகாசம் கேட்க ஏதாவது வழி இருக்கும் என்று தேடினாள். 'பாடங்கள்', 'ஒப்படைப்புகள்', 'மதிப்பெண்கள்' என்று வரிசையாக இருந்த தலைப்புகளின் அடியில் 'விண்ணப்பங்கள்' என்று ஒன்று இருந்தது. அதை அவள் அதுவரை திறந்ததே இல்லை, தேவைப்பட்டதில்லை. இப்போது திறந்தாள். 'உங்கள் விண்ணப்பத்தை இங்கே எழுதுங்கள்' என்று ஒரு கட்டம். அப்பாடா என்று இருந்தது.

விண்ணப்பம் எழுதுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. சோப்புத் தூள் வேண்டும் என்றாலும் விண்ணப்பம், குழாய் ஒழுகினாலும் விண்ணப்பம். மாடிக்காரர்களுக்கு எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. யாருக்கு அனுப்புவது என்பதில்தான் குழம்பினாள். தலைவருக்கா, பதிவாளருக்கா? தப்பான ஆளுக்கு எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொதுவாகப் போட்டுவிட்டால் வம்பு இல்லை என்று, இப்படி எழுதினாள்:

'பெறுநர்: உயர்திரு மேலிடத்தார் அவர்கள். பொருள்: ஐந்து நாள் அவகாசம் வேண்டுதல் தொடர்பாக. மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பேரிங் திடீரெனப் போய்விட்டபடியால், மிகுந்த துன்பத்தில் இருக்கிறேன். இரவும் பகலும் ஓய்வின்றி உழைத்தும் எடுத்த காரியத்தை முடிக்க இயலவில்லை. எனவே, எனது நிலையைக் கருணையோடு கண்ணோக்கி, எனக்கு ஐந்து நாள் அவகாசம் தந்தருளுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். தங்கள் அருளை எதிர்நோக்கும், உண்மையுள்ள ஊழியை.'

இதில் ஒரு சொல்லைக்கூட அவள் புதிதாகச் சேர்க்கவில்லை. சோப்புத் தூளுக்கும் இதே நடையில்தான் எழுதுவாள். நம் அலுவலகங்களுக்கு எழுதும் பாஷையே அப்படி; பெறுநரை மாற்றிவிட்டால் அப்படியே கொண்டுபோய் எந்தச் சந்நிதியிலும் படித்துவிடலாம்.

புதன்கிழமை பார்த்தபோது அடியில் பதில்கள் குவிந்திருந்தன. 'உங்களோடு இருக்கிறோம், சகோதரி.' 'உங்கள் வரிகள் என் கண்களில் நீரை வரவழைத்தன.' 'பேரிங்கின் பிரிவைத் தாங்கும் பலம் உங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கட்டும்.' இவர்கள் ஏன் இதில் தலையிடுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. சக மாணவர்களுக்கு என்ன ஒரு பரிவு என்று நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் கீழே, படத்தோடு, துறைத்தலைவர் எழுதியிருந்தார்: 'ஆமென்.'

விரிப்புகளை அள்ளிக்கொண்டிருந்த டிரம்மர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் கேட்டாள்.

"ஆமென்னா நிஜமா என்னங்க அர்த்தம்?"

"அப்படியே ஆகட்டும்னு அர்த்தம்."

"அப்படியே ஆகட்டும்னா... சரின்னு வெச்சுக்கலாமா?"

"சரிக்கு மேல. சாங்ஷன்னே வெச்சுக்குங்களேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துறைத்தலைவரே சாங்ஷன் செய்துவிட்டார்! ஐந்து நாள்! வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. அவள் கவலையே படவில்லை. நிம்மதியாகத் துணிகளோடு மல்லுக்கட்டினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, அந்த இரண்டு நாளில் கொஞ்சம் எழுதி முக்கால்வாசி ஆக்கியிருந்த கட்டுரையை ஒருதரம் ஏற்றிப் பார்க்கலாம் என்று பக்கத்தைத் திறந்தாள். 'காலக்கெடு முடிந்தது' என்று வந்தது. பக்கத்தில் மதிப்பெண்: பூஜ்யம். ஏதோ கோளாறு என்று மகளைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். அம்மாவைவிட வேகமாகத் திரையைத் தள்ளுவாள்.

"அவகாசம் கேட்டியாம்மா?"

"கேட்டேன். சாங்ஷன் ஆயிடுச்சு. இங்க பாரு."

மகள் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா... இது லீவ் லெட்டர் எழுதற இடம் இல்லம்மா. மேல பாரு. ஜெப விண்ணப்பம். உனக்காக எல்லாரையும் ஜெபம் பண்ணச் சொல்ற இடம். நீ கடவுளுக்கு லெட்டர் எழுதியிருக்கே. மேலிடத்தார் அவர்கள்னு!"

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள் பெண். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள். மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, வழக்கமான கேலி ஒன்றை நாக்கு நுனிவரை கொண்டுவந்து, விழுங்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். வருஷக்கணக்கில் டிரம் சத்தத்தில் கத்திக் கத்திப் படித்ததெல்லாம் ஒரே ஒரு கட்டத்தைத் தப்பாகத் திறந்ததில் போயிற்று. மடிப்பு மேசை கண் முன்னால் வந்து நின்றது. அவமானம் ஒரு பக்கம், அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு வைத்தவன் மேல் ஆத்திரம் ஒரு பக்கம். ஜெபம் என்று எழுதித் தொலைத்தால் என்னவாம்? மேலே சின்ன எழுத்தில் எழுதத்தான் செய்திருந்தார்கள், அவள்தான் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை, சலவைப் பிரிவின் பின்வாசலில் நின்றுகொண்டு துறைத்தலைவருக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் அவகாசம் கேட்பதற்கு மாணவர் சேவைப் பக்கம் என்று தனியாக இருக்கிறது, கெடுவுக்கு முன்னால் அங்கே கேட்டிருக்க வேண்டும், விதி அப்படி என்றார். விதி என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது.

"ஐயா, தப்பான இடத்துல கேட்டது என் தப்புதான். ஆனா நீங்க அங்க வந்து ஆமென்னு சொன்னீங்களே?"

"அது... ஜெபமா சொன்னதும்மா."

"அப்படியே ஆகட்டும்னுதானே அர்த்தம்?"

"ஆமா. ஆனா அதை..."

"நான் அஞ்சு நாள் கேட்டிருந்தேன். குடுக்கற இடத்துல நீங்கதான் இருந்தீங்க. அப்படியே ஆகட்டும்னும் சொன்னீங்க. எனக்குத் தெரியாமத்தான் கேக்கறேன் ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஜெபத்துல சொல்றதெல்லாம் சும்மா பேச்சுக்குத்தானா?"

குத்திக் காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அதனால்தானோ என்னவோ, அவர் மறுபடி விதியை எடுக்கவில்லை.

"உண்மையச் சொல்லிடறேன்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் அதை முழுசாப் படிக்கல. எல்லா விண்ணப்பத்துக்கும் கீழ ஆமென்னு போட்டுட்டே போவேன். பேரிங்குங்கறது உங்க வீட்டு நாய்னு நெனைச்சுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையிலேருந்து அஞ்சு நாள்னா புதன்கிழமை. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பக்கத்தைத் திறந்துவிடச் சொல்றேன். நான் சொன்ன சொல்லு அது. அறம்னு பாடம் நடத்திட்டு அதுலேருந்து நானே பின்வாங்கக் கூடாது."

போனை வைத்துவிட்டு, அங்கேயே கிடந்த துவைத்த விரிப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். டிரம்மர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இந்த மனிதர் வாயால்தான் இவ்வளவும் என்று ஒரு திட்டுத் திட்டினாள். அவரால்தான் தப்பித்தோம் என்றும் தோன்றியதால் பாதியில் விட்டுவிட்டாள். அன்றும் மறுநாளும் டிரம்மரே அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். கிடங்குக்குள் உட்கார்ந்து எழுதி, புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் கட்டுரையை ஏற்றிவிட்டாள். புதிய பேரிங்கும் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

தேர்ச்சி என்று வந்தபோது அவள் கை முழுக்க ஈரம். டிரம்மர்தான் போனைப் பிடித்துக் காட்டினார். சான்றைக் கொண்டுபோய் மாடியில் வைத்தாள். நிர்வாக அதிகாரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், வாழ்த்துகள் என்றார். ஆணையில் அடைப்புக்குறி இல்லை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மாமியார் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், ஞானஸ்நானம்கூட வாங்காமல் என் மருமகள் பட்டம் வாங்கிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளோ ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தூங்கினாள். ஜெபம் இல்லாமலேயே அப்படி ஒரு தூக்கம். எழுந்தபோது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. உடம்பே லேசாக இருந்தது.

படிப்பு முடிந்துவிட்டதால் பல்கலைக்கழகப் பக்கம் இன்னும் சில நாளில் அவளுக்கு மூடிவிடும் என்றார்கள். இடம் மாறிப்போன விண்ணப்பம் ஒன்று அங்கே தன் பெயரில் கிடக்கிறதே, எடுத்துவிடலாம் என்று திங்கட்கிழமை மதியம் திறந்தாள். பெரிய டிரம் பக்கத்தில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

விண்ணப்பத்தின் அடியில் பதில்கள் நின்றுபோயிருக்கவில்லை. அவள் பார்க்காத நாளெல்லாம் ஒரே ஒரு பெண் விடாமல் எழுதியிருந்தாள். அந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழே சுங்கச்சாவடி ஊழியர் என்று இருந்தது. 'இன்றும் உங்களுக்காக ஜெபித்தேன், அக்கா.' 'பேரிங் என்பது எந்திரத்தில் இருப்பது என்று இப்போதுதான் தெரிந்தது. எந்திரத்துக்காகவும் ஜெபித்தேன்.' 'பேரிங் வந்துவிட்டதா, அக்கா?' மாடியில் இருக்கிற ஒருவர்கூட அவளிடம் கேட்காத கேள்வி. முகம் தெரியாத ஒருத்தி, வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கண் கலங்கியது. வந்துவிட்டது, ரொம்ப நன்றிம்மா என்று எழுதினாள்.

அந்தப் பெண்ணின் படத்தைத் தொட்டபோது, அவளுடைய சொந்த விண்ணப்பம் ஒன்று வந்தது. சனிக்கிழமை போட்டது. 'ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. எங்கள் பிரிவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கெடு, கடைசிக் கட்டுரையில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. படிப்பை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.' கீழே வரிசையாக ஆமென்கள்.

அவளும் 'ஆமென்' என்று தட்டினாள். அனுப்பப் போன விரல் நின்றுவிட்டது. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதானே அந்தப் பெரிய மனிதரை மடக்கினாள்? சும்மா பேச்சுக்குத்தானா என்று கேட்டவள் அவள்தானே? சும்மா தட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தன் போன் நம்பரைப் போட்டாள். 'அவகாசம் எங்கே கேட்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கூப்பிடு' என்று சேர்த்து அனுப்பினாள்.

போனை மேசையில் வைத்துவிட்டு விரிப்புகளை அள்ளத் திரும்பியவள், இரண்டு எட்டு வைப்பதற்குள் அது அடித்தது. புது நம்பர். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து வண்டிகளின் ஹாரன் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில், யாரோ மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"நான்தாம்மா. பயப்படாதே, சொல்லு," என்றாள்.